பட்டுச்சீலையோட தள்ளின ரேஸ் மோட்டச்சைக்கிள்

எரிஞ்ச ஆமணக்கெண்ணெய் மணம்... சனிக்கிழமையளிலை என்ரை மனுசன்ரை ஜக்கெற் முழுக்க அதுதான். அந்த ரேஸ் எஞ்சினுக்கு அதைத்தான் ஊத்துறவை.

இவர் எங்களை விட்டுப் போய் ஐஞ்சு மாசம். வாறவை எல்லாரும் நல்ல மனுசன் எண்டு சொல்லிட்டுப் போகினம். ஓம், நல்ல மனுசன்தான். ஆனா இவர் ஸ்பீட்வே ரேஸ் ஓடி வெண்டவர் எண்டது கனபேருக்குத் தெரியாது. அதான் எழுதுறன்.

கிழமை நாளிலை இஞ்சை கனடாவிலை ஃபக்ரறியிலை வெல்டிங். சனிக்கிழமை ரேஸ். மண் தரையிலை வட்டம், நாலு பேர், நாலு சுத்து. அந்த மோட்டச்சைக்கிளுக்குக் கிக்கர் இல்லை. பின்னாலை ஒராள் தள்ளிக்கொண்டு ஓடினால்தான் ஸ்ராட் வரும். பிரேக்கும் இல்லை... அதை ரெண்டு வருசமா எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தவர்!

மூண்டு வருசம் கடைசியாத்தான் வந்தவர். "உவருக்கு உது தேவையோ?" எண்டு சொந்தக்காரர் பகிடி. நாலாம் வருசம் முதல்முறையா ஃபைனலுக்கு வந்திட்டார்.

அண்டைக்குப் பின்னேரம் ஸ்காபரோவிலை ஒரு சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. ரேஸ் முடிய நேரே போவம் எண்டு நான் பச்சைப் பட்டுச்சீலையோட போனனான். எப்பவும் தள்ளிவிடுற யோகன் அண்ணைக்கு வேலையிலை லீவு குடுக்கேல்லை. முதல் ரேசுகளுக்கு ஒரு வெள்ளைக்காரர் தள்ளிவிட்டார். ஃபைனலிலை அவற்ரை தம்பியும் ஓடுறார். அவர் தம்பியைத் தள்ளிவிட அங்காலை போயிட்டார்.

சைரன் அடிச்சுது. ரெண்டு நிமிசத்துக்குள்ளை கோட்டுக்குப் போகாட்டி ரேசிலை இல்லை.

இவர் ஹெல்மெற்றுக்குள்ளாலை சுத்திப் பாக்கிறார். நான் மட்டும்தான் நிக்கிறன்.

"இஞ்சரும், தள்ளும்!"

"ஐயோ, பட்டுச்சீலையப்பா!"

"சீலை நாளைக்கும் உடுக்கலாம். தள்ளும்!"

சீலையைத் தூக்கிச் செருகினன். செருப்பைக் கழட்டி எறிஞ்சன். தள்ளினன்... வரேல்லை. திருப்பித் தள்ளினன்... வரேல்லை. ஆரோ நேரம் முடியுதெண்டு கத்துறான். மூண்டாந்தரம் கண்ணை மூடிக்கொண்டு ஓடினன்.

படபடவெண்டு பிடிச்சுது பாருங்கோ! அவர் போயிட்டார். நான் மண்ணிலை குப்புற.

எழும்பிப் பாக்க ரேஸ் தொடங்கீற்றுது. மூண்டு சுத்தும் ரெண்டாவதாத்தான் வந்தவர். கடைசி வளைவிலை முன்னாலை போனவர் கொஞ்சம் விலத்த, இவர் உள்ளாலை பூந்து... முதலாவது! நான் கத்தின கத்திலை தொண்டை அடைச்சுப் போச்சு.

மண் சீலையோட, கப்பையும் தூக்கிக்கொண்டு சாமத்தியவீட்டுக்குப் போனம். வாசலிலை இவற்ரை அக்கா, "என்னடி கோலம், எங்கை விழுந்தனீ?" எண்டா.

"அக்கா, நான் வெண்டிட்டன். தள்ளினது இவ!"

ஹோலிலை மேசை மேசையாப் போய்ச் சொன்னவர்.

அதோட யோகன் அண்ணைக்குத் தள்ளுற வேலை போச்சு. பிறகு பன்னிரண்டு வருசம் ஓடினார். எத்தினையோ கப். எல்லா ரேசுக்கும் நான்தான் தள்ளினது.

இப்ப ஸ்காபரோ ரூஜிலை மகள் வீட்டிலை இருக்கிறன். பனிக்காலத்திலை அவள் குசினியிலை நிண்டு போனை அமத்த, வெளியிலை கார் தன்ரை பாட்டிலை ஸ்ராட் ஆகும். நல்லதுதான். ஆனா மூச்சு வாங்க வாங்கத் தள்ளிவிட்டிட்டு, அவர் பறக்கிறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறது இருக்கே... அது எனக்கு வாய்ச்சது.

அந்த ஃபைனலுக்குப் பிறகு நான் தள்ளாமல் இவர் போனது இந்த ஒருமுறைதான்.