யூதாஸின் அங்கியில் ஒரு மெக்சிக்கோக்காரி

நாடக உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வருகிறவர் சரித்திரத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டுதான் கடைக்குள் கால் வைப்பார், எங்களிடம் கேட்பதெல்லாம் இடுப்பளவு சரிவருமா என்று மட்டும்தான். லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு சேலைக்கடைக்கு மேல்மாடியில் என் கடை. ராசா, மந்திரி, ரோமாபுரிச் சேவகன், இறக்கை வைத்த சம்மனசு எல்லாரும் கம்பியில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவார்கள்.

போன வருடம் எங்கள் பங்குக் கோவிலில் ஒவ்வொரு குழுவும் ஒரு நாட்டு மாதாவின் கதையை நாடகமாகப் போடுவது என்று முடிவானது. சீட்டுக் குலுக்கியதில் தமிழ்க் குழுவுக்கு மெக்சிக்கோவின் குவாடலூப்பே மாதா. மாதா காட்சி தருவதற்கு முன்னால் ஸ்பானியர் வந்து நாட்டைப் பிடிக்க வேண்டும் அல்லவா? அந்த முதற்காட்சிக்கு உடுப்புக் கொடுக்கும் பாவம் எனக்கு வந்து சேர்ந்தது.

பறங்கி உடுப்பு

நாடகத்தைப் பழக்கியவர் மரியதாஸ் அண்ணை. மன்னார்க்காரர், செவன் கிங்ஸில் வீடு, இல்ஃபோர்டில் கட்டில், மேசை விற்கிற தளபாடக் கடை. கோவிலில் அவர் ஒன்றைச் சொன்னால் சுவாமியார்கூட ஒருமுறை யோசிப்பார். “ஸ்பானியர் எண்டால் எங்கட பறங்கியள்தானே, யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஆக்கள்” என்று ஆரம்பித்தார். அவர்கள் போர்த்துக்கேயர், இவர்கள் வேறு என்றேன். தொப்பி ஒன்றுதானே என்றார். தொப்பி விஷயத்தில் என்னாலும் பெரிதாக வாதாட முடியவில்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஸ்பானியத் தளபதிக்கு மொழிபெயர்த்த ஒரு பெண் கதையில் வருகிறாள். காட்டிக் கொடுத்தவள் என்பதால் அவளுக்கு, தவக்காலத்தில் போடுகிற பாஸ்கா நாடகத்து யூதாஸின் கறுப்பு அங்கி போதுமாம். அந்த வேஷம் ஜெனிற்றாவுக்கு. ஜெனிற்றா இங்கே ஆஸ்பத்திரிகளில் தமிழாட்களுக்கு மொழிபெயர்க்கிறவள், அவளும் மன்னார். யுத்த காலத்தில் சிங்களம் தெரிந்த பெட்டை என்று அயலவர்கள் அவளை ஆமி காம்புக்குக் கூட்டிப்போய்ப் பேச வைத்திருக்கிறார்கள். பேசி முடித்து வந்தபின் அதே ஆட்கள் முதுகுக்குப் பின்னால் அவளைக் காட்டிக் கொடுத்தவள் என்றிருக்கிறார்கள். அந்த ஆட்களில் பாதிப்பேர் இன்று லண்டனில், எங்கள் கோவிலின் முன்வரிசை வாங்குகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணை அங்கியைப் பற்றிச் சொன்ன அன்று பின்னேரமே ஜெனிற்றா எனக்குப் போன் அடித்தாள்: “அக்கா, மேடையில சாகச் சொன்னாலும் சாகிறன். அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு அந்தச் சனத்துக்கு முன்னால நிக்க என்னால ஏலாது.”

எல்லாருக்கும் இரும்பு

ஸ்பானியச் சிப்பாய் எல்லாருக்கும் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் வேண்டும் என்றார் அண்ணை. என்னிடம் இருந்ததோ வெள்ளிப் பெயின்ட் அடித்த ரோமாபுரிக் கவசம் இரண்டு. நான் கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன். முழு இரும்பு வாங்க எல்லாருக்கும் வசதி இருக்கவில்லை. அவர்கள் ராசாவின் சம்பளத்துக்கு வந்த படையும் இல்லை, கிடைப்பதில் பங்கு என்று நம்பித் தாங்களே செலவழித்து வந்தவர்கள். அந்த வெக்கையில் பலர் உள்ளூர்க்காரர் போடுகிற தடித்த பஞ்சுச் சட்டையையே போட்டுக்கொண்டார்களாம்.

இதைச் சொல்லி, மெத்தை போலத் தைத்த ஒரு சட்டையை அவருக்கே போட்டு விட்டேன். கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தங்கச்சி, இது நாடு பிடிக்க வந்தவன் மாதிரி இல்லை, குளிருக்குப் பயந்தவன் மாதிரிக் கிடக்கு.”

கைதட்டல் பிரச்சினை

அண்ணையின் கணக்கில் ஸ்பானியர் ஆறு பேர், எதிரே பாடகர் குழு முழுக்க. ஆறு பேரும் வாளை உருவியதும் பாடகர் குழு விழ வேண்டும். உடுப்புகளைப் பார்த்துச் சொல்லச் சுவாமியார் தெரேசாவை அனுப்பியிருந்தார். மெக்சிக்கோவில் த்லாஸ்கலா என்ற இடத்தில் பிறந்தவர், இங்கே பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிப்பிக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி, “என்னுடைய ஆட்கள் எங்கே?”

அவருடைய ஊராருக்கு, அந்த நாட்டை ஆண்ட அஸ்டெக் அரசோடு நெடுங்காலப் பகை. ஸ்பானியரோடு சேர்ந்து ஆயிரமாயிரமாகச் சண்டைக்குப் போனது அவர்கள்தானாம். அவர்களும் இல்லாமல், கப்பலில் வந்து பரவிய அம்மை நோயும் இல்லாமல், அந்த ஒரு கைப்பிடி ஆட்கள் தலைநகரைப் பிடித்திருக்கவே முடியாது என்றார். “அதற்காக இன்றைக்கும் எங்களைத் துரோகி என்பார்கள்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார், கண் சிரிக்கவில்லை. அப்படியானால் பாடகர் குழுவில் பாதி ஸ்பானியர் பக்கம் நிற்க வேண்டும், அதே இறகு, அதே துணி. அண்ணை தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: “ரெண்டு பக்கமும் ஒரே உடுப்பெண்டால், சனம் ஆருக்குத்தான் கை தட்டுறது?”

முழங்கால்

அஸ்டெக் மன்னராக நடித்தவர் சவரிமுத்து அண்ணை. பாரிசில் பல வருடம் கோப்பை கழுவிவிட்டு இங்கே வந்து டூட்டிங்கில் பலசரக்குக் கடை போட்டவர். ஸ்பானியத் தளபதியைக் கடவுள் என்று நினைத்து மன்னர் விழுந்து கும்பிட வேண்டும் என்பது காட்சி. அவருக்கு இரண்டு முழங்காலும் வருத்தம், மடக்கினால் நோவு. முழங்காலுக்கு மெத்தை வைத்து வேட்டி தைக்கச் சொல்லி என்னிடம் வந்தார்.

அந்தக் கடவுள் கதை, ஸ்பானியர் நாட்டைப் பிடித்து முடித்த பிறகு எழுதப்பட்டது, மன்னர் வந்தவரோடு மரியாதையாகப் பேசியிருப்பார், அவ்வளவுதான் என்று தெரேசா சொன்னதை அவரிடம் சொன்னேன். மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். “நானும் பாரிசில இறங்கேக்க பாஸ்போட் பாத்த பொலிசை ஐயா, ஐயா எண்டுதான் கூப்பிட்டனான். அதுக்காக அவனைக் கடவுள் எண்டு நினைச்சனானோ?”

கண்ணாடிக்கு முன்னால்

கடைசி அளவு பார்க்கிற நாள். மரியதாஸ் அண்ணை கறுப்பு அங்கியைத் தானே கம்பியிலிருந்து எடுத்து நீட்டினார். ஜெனிற்றா வாங்கவில்லை. நான் பொறுக்கமாட்டாமல், நான் தைத்து வைத்திருந்த தொளதொளத்த வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தேன். கழுத்தில் சிவப்புப் பூவேலை. அந்தக் காலத்துப் பெண்கள் போட்ட மாதிரி என்று தெரேசா படம் காட்டியிருந்தார். “காட்டிக் குடுத்தவளுக்கு வெள்ளையோ?” என்று அண்ணை சத்தம் போட்டார். தளபதிக்கு மொழிபெயர்த்த அந்தப் பெண்ணைச் சிறுவயதிலேயே அடிமையாகக் கொடுத்துவிட்டார்கள், பிறகு கைமாறி ஸ்பானியரிடம் வந்தாள், மெக்சிக்கோ என்ற நாடே அப்போது இல்லை, அவள் யாரைக் காட்டிக் கொடுக்க என்று தெரேசா சொன்னதையெல்லாம் நான் மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். அண்ணை கறுப்பை நீட்டினபடியே நின்றார்.

அப்போது ஜெனிற்றா வாய் திறந்தாள். குரல் உயரவில்லை. “அண்ணை, உங்கட தம்பியை விடச்சொல்லி காம்ப் வாசலில நிண்டு நான் கேட்டதும் ஆமிக்காரன்ர பாஷையிலதான்.”

அந்தத் தம்பி இன்று கனடாவில் மூன்று பிள்ளைகளின் தகப்பன். அண்ணைக்குக் கண் கலங்கியது; எனக்கும்தான், மறைக்க என்ன இருக்கிறது. வெள்ளைச் சட்டையை என் கையிலிருந்து வாங்கி, உதறி, அவளிடம் நீட்டினார். கறுப்பை நாலாக மடித்து என் மேசையில் வைத்தார். “தங்கச்சி, தவக்காலம் வரைக்கும் இதை ஆர் கேட்டாலும் குடுக்காதேங்கோ. நான் கேட்டாலும் குடுக்காதேங்கோ.”

நாடகம் முடிந்து எல்லா உடுப்பும் திரும்பி வந்துவிட்டன, அந்த வெள்ளைச் சட்டையை மட்டும் அவளும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படி வியாபாரம் செய்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று இதே தொழிலில் இருக்கிற நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்காமல் இல்லை.