ஐந்தரை மணி மிஸ்கோல்

என் போனில் அவர் பெயர் 'கிளினிக் அக்கா'. புத்தளத்தில் தைரொயிட் கிளினிக்கின் மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். பக்கத்து மாம்புரி ஊர்க்காரி, கழுத்தில் செபமாலை, கொளுத்தும் வெயிலிலும் ஸ்வெட்டர். இந்த நோய்க்காரருக்கு எப்போதும் குளிர். என் அபாயாவுக்குள்ளும் ஒரு ஸ்வெட்டர் இருப்பதைக் கண்டுதான் சிரித்தார்.

வெளியாள் யாரோடும் சண்டை போடத் தெரியாத என் உடம்பு, தன் தைரொயிட் சுரப்பியையே அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. அதற்கான குளிசையை வெறும் வயிற்றில் விழுங்கி, அரை மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி குடிக்கலாம். நானோ தேத்தண்ணியின் கடைசி மிடறில்தான் குளிசையை நினைப்பேன்.

"விடிய நான் மிஸ்கோல் அடிக்கிறன் புள்ள. எடுக்காத, குளிசையப் போடு," என்றார் அக்கா, நான் இதைச் சொன்னதும்.

இரண்டு வருடமாக ஐந்தரைக்குப் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை, விழுங்கினேன். ஆள் வைத்து மருந்து குடிக்கும் சீமாட்டி என்று எனக்குள் பெருமை வேறு.

ஒரு நாள் அடிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்ட கோபத்தில் நானே அடித்தேன்.

"என்னக்கா, இண்டைக்கு மறந்திட்டீங்களா?"

"ஓம் புள்ள. குளிசையும் போடல்ல." குரல் களைத்திருந்தது. "எனக்கும் அந்தத் தைரொயிட் வருத்தந்தானே. எனக்கு ஆர் அடிக்கிற?"

இப்போது ஐந்து இருபத்தைந்துக்கு நான் அடிக்கிறேன். அவரும் எடுப்பதில்லை. ஐந்தரைக்கு அவருடையது வருகிறது. இத்தனை நாளும் கேட்காத பெயரை இனிக் கேட்க எனக்கு முகமில்லை.