விடையை வாங்கி வைக்காதவர்கள்

புரோகிராமிங் சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தொண்டை வறள்வது சகஜம். உங்களில் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் என் கஷ்டம் புரியும். சென்னை மேனாம்பேட்டில் ஒரு மாடி அறையில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன்.

காணாமல் போன மீட்டர்

சலீம் பாய்க்குப் பூந்தமல்லியில் திரைச்சீலைக் கடை. ஜன்னலின் அளவைக் கொடுத்தால் எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தரும் ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்ன புரோகிராம் துண்டை, அவரே எழுதினார். ஓட்டினார். திரையில் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை.

“கணக்கு சரியாத்தான் போட்டிருக்கு பாய். விடையைத் திருப்பிக் கொடுத்துச்சு, நீங்க வாங்கி வைக்கல. முன்னாடி ஒரு பேரு எழுதி, சமம் போடுங்க” என்றேன். விடையைப் போட்டுவைக்க ‘துணி’ என்று பெயரிட்ட டப்பா போல ஒரு வேரியபிள் வைத்து, அதைத் திரையில் காட்டச் சொன்னார். மீட்டர் வந்தது. அவருக்கு மனசு ஆறவில்லை.

“இன்னா மேடம் இது, வாங்க ஆள் இல்லன்னா தூக்கிக் கடாசிடுமா?”

காட்டுவதும் கொடுப்பதும்

கொரட்டூர் விஜயா, குழந்தைகளுக்காக வேலையை விட்டவர். திரும்பவும் வேலைக்குப் போகத் துடித்தார். அவருடைய ஃபங்ஷன் விடையைத் திரையில் பிரிண்ட் செய்தது. ஆனால் ரிட்டர்ன் செய்யவில்லை, திருப்பிக் கொடுக்கவில்லை. வேரியபிளில் பார்த்தால் ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை. “கண்ணுக்குத் தெரியுதே மேடம்!” என்று சண்டைக்கு வந்தார். காட்டுவது வேறு, கொடுப்பது வேறு என்றேன். நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“புரிஞ்சிடுச்சு. எங்க நாத்தனார் புதுப் புடவையக் காட்டுவாங்க, கட்டிக்கத் தர மாட்டாங்க.”

இரண்டு தடவை கேட்ட கேள்வி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி விஜயாவை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. அங்கே எழுதச் சொன்ன புரோகிராம், வாடிக்கையாளரின் ஊரைக் கேட்டு, பதில் காலியாக இல்லாவிட்டால் அதைத் திரையில் அச்சிட வேண்டும். பதற்றத்தில், சரிபார்க்க ஒரு தடவையும் அச்சிட ஒரு தடவையுமாக, ஊர் கேட்கும் ஃபங்ஷனை இரண்டு முறை அழைத்துவிட்டார். நேர்முகம் நடத்திய அதிகாரி தன் ஊரை ‘அயனம்பாக்கம்’ என்று தட்டினார். புரோகிராம் மறுபடியும் ஊர் கேட்டது. “ஒரு தடவை சொன்னா காதுல விழாதா?” என்றார் அவர்.

விஜயா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, முதல் பதிலையே ஒரு வேரியபிளில் வைத்து, இரண்டு இடத்திலும் அதையே போட்டார். இந்தத் தடவை ஒரே கேள்வி, ஒரே பதில். சாயங்காலம் விஜயாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

“மேடம், திங்கட்கிழமைலேர்ந்து கிளாஸுக்கு வர மாட்டேன், ஆபீஸுக்கு வரச் சொல்லிட்டாங்க!”

நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் நமக்கு மிஞ்சுவது ஒரு காலி நாற்காலிதான் என்றாலும், அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.