குப்பை என்று நான் மொழிபெயர்த்த சொல்

"குப்பையைக் காணோம் தம்பி" என்றுதான் அந்தப் பெரியவர் போனில் ஆரம்பித்தார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

தஞ்சாவூரில் வீட்டில் உட்கார்ந்தபடி பல வருடங்களாக ஓர் இலவச மின்னஞ்சல் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அதன் உதவிப் பக்கத்தில் 'எங்கள் குழுவை அழையுங்கள்' என்று எழுதி என் செல்போன் எண்ணைப் போட்டிருந்தேன். குழு என்றால் நான் ஒருவன்தான். கோட் எழுதுவது, பக் திருத்துவது, மெனுவைத் தமிழில் போடுவது, திட்டு வாங்குவது எல்லாம் அந்தக் குழுவே.

பேசியவர் திருப்பனந்தாள் பக்கத்து விவசாயி. மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். நடுக்கடலில் போன் கிடைக்காது என்பதால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, என் மென்பொருளையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"கப்பல்லயே தவறிட்டான் தம்பி. ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். அவன் எழுதியதையெல்லாம் மறுபடி படிக்கலாமென்று உட்கார்ந்திருக்கிறார். படித்ததையெல்லாம் 'குப்பை' என்ற ஃபோல்டரில்தான் போட்டு வைத்திருந்தாராம். அதில் ஒன்றுகூட இல்லை.

"அதை ஏங்கய்யா குப்பையில போட்டீங்க?"

"பின்ன எங்க போடுறது? அன்னன்னிக்குச் சேர்றதைக் குப்பைக்குழியில சேர்த்து வச்சு, கோடையில வயலுக்கு எருவா அடிக்கிறோம். குப்பையை யாராவது தூக்கி எறிவாங்களா?"

நானும் குப்பை வண்டியில் ஏறி வயலுக்குப் போனவன்தான். வேண்டாத மெயில் போகும் 'டிராஷ்' ஃபோல்டருக்குத் தமிழ் போடும்போது மட்டும் ஆபீஸ்காரனாக யோசித்திருக்கிறேன். அது போதாதென்று, டிஸ்க் நிறைகிறது என்று சிலர் புலம்பியதால், முப்பது நாளான மெயிலைக் குப்பையிலிருந்து தானாகவே அழிக்கும்படி ஓர் அப்டேட்டும் விட்டிருந்தேன். கேட்காமல் செய்வதுதான் வசதி என்று நினைப்பு.

மறுநாள் காலை அவர் ஊருக்குப் பஸ் ஏறினேன். அழித்த மெயில் கொஞ்ச நேரம் ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். மென்பொருளை மூடும்போதுதான் அடியோடு போகும். அவரோ தேடித் தேடிப் பல தடவை திறந்து மூடியிருந்தார். சர்வரிலும் பிரதி இல்லை.

கடைசியில் 'அனுப்பியவை' ஃபோல்டரைத் திறந்தேன். அவர் போட்ட ஒவ்வொரு பதிலுக்கும் கீழே மகனின் கடிதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. பதினொன்று கிடைத்தது. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். திரையில் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். 'ஆத்துல தண்ணி வந்துச்சாப்பா' என்றுதான் பெரும்பாலும் தொடங்கியது.

"கடைசியா ஒண்ணு வந்துச்சே?" என்றார்.

"அதுக்கு நீங்க பதில் போட்டீங்களாய்யா?"

"இல்ல தம்பி. நடவு நடந்துக்கிட்டிருந்துச்சு. முடிஞ்சதும் போடலாம்னு இருந்தேன்."

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல்லை 'நீக்கியவை' என்று மாற்றினேன். தானாக அழிப்பதையும் எடுத்துவிட்டேன். இப்போது எதை அழிக்கும் முன்னும் 'அழிக்கலாமா?' என்று என் மென்பொருள் கேட்கும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு: அடுத்தவர் வைத்திருப்பதைக் கேட்காமல் தொடாதீர்கள். அந்த ஒரு கேள்வியை எழுத எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை. முன்பே எழுதியிருந்தால் அந்தக் கடைசிக் கடிதம் அவரிடம் இருந்திருக்கும்.