லயத்துல காம்பரா காலி

இன்னைக்கு மலையேறுற நானுஓயா பஸ்ல என் பக்கத்துல ஒரு கொழும்புக்காரர். ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு, "பென்ஷன் எடுத்ததும் இங்கயே வந்துரணும். என்ன அமைதி! நீங்க குடுத்து வச்சவங்க"ன்னாரு.

எண்பதாம் வருசத்துல நானும் கொழும்புலதான் இருந்தேன், புறக்கோட்டைப் புடவைக்கடையில. கடைக்குள்ளயே படுக்கை. வெளியில லொறிச் சத்தம், எனக்கு அதுதான் தாலாட்டு.

மலையில அப்பா தேயிலைத் தோட்ட வேலையிலருந்து ஓய்வானாரு. குடியிருந்தது தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துல, வரிசை வீடுகள்ல ஒரு அறை. "வீட்டுல ஒருத்தர் வேலைக்குப் பேர் பதிஞ்சாத்தான் லயத்துக் காம்பரா ஒங்களுக்கு"ன்னு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லிட்டாரு. நான் ஒரே மகன். அப்ப மலைக்கு வந்தவன்தான், இன்னும் எறங்கல.

"தாராளமா வாங்க சார், எங்க லயத்துல ஒரு காம்பரா காலியா இருக்கு. ஒங்க மகன் பேரை மட்டும் தோட்ட வேலைக்குப் பதிஞ்சுருங்க"ன்னேன்.

மனுசன் ஜன்னலை மூடிட்டாரு. குளிருதாம்.