ரேடியோவை நிறுத்திய மாலை

நெருக்கடி நிலை இன்னும் விலகவில்லை; ஆனால் தேர்தல் அறிவித்திருந்தார்கள். கட்சித் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக ரேடியோவில் பேசினார்கள். வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என் வீட்டில்தான் ரேடியோ இருந்தது. கொழுந்து கிள்ளிவிட்டு வந்தவர்கள் பதினைந்து பேர் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். எஸ்டேட் சூப்பர்வைசரும் வந்து நிற்பார் என்று யாரும் நினைக்கவில்லை.

ஆளுங்கட்சித் தலைவர் பேசியபோது சிலர் தலையாட்டினார்கள். அடுத்தவர் எதிர்க்கட்சிக்காரர். விசாரணையே இல்லாமல் சிறையில் கிடப்பவர்களைப் பற்றிப் பேசினார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் போலீஸ் ஜீப்பில் கொண்டுபோயிருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. என் மனைவி மட்டும், "இவரு சொல்றது நெசந்தானே" என்றாள்.

"என்னம்மா சொன்ன? இன்னொருக்கா சொல்லு" என்றார் சூப்பர்வைசர், சிரித்துக்கொண்டே.

நான் எழுந்து ரேடியோவை நிறுத்தினேன். "பேட்டரி தீந்துபோச்சு சார்." பேச்சு பாதியில் நின்றதும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் காலை வேலை பிரிக்கும்போது அவளைத் தனியாக மேல்மலைக்கு அனுப்பினார்கள். யானை இறங்கும் இடம் அது. அதுவரை ஒற்றைப் பெண்ணை அங்கே அனுப்பியதே இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு அங்கேதான் வேலை. தினமும் மாலையில், பனிக்குள் அவள் உருவம் தெரியும்வரை நான் பாதையில் நிற்பேன்.

"யானைய நெனச்சுப் பயமா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுக்கு இல்ல. அன்னைக்கு நீங்க பயந்தீங்க பாருங்க, அதப் பாத்துத்தான் எனக்கும் பயம் வந்துச்சு" என்றாள்.

ஆனாலும் தேர்தலன்று ஓட்டுப் போட அவள் எனக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.