அப்பாவுக்கு ஒரு கமெண்ட் ஷீட்

ஆன்லைனில் குடும்ப ஆலோசனை சொல்கிறவளுக்குப் பெரிய காது வேண்டும். அதைவிட, "நீங்க மியூட்ல இருக்கீங்க" என்று சலிக்காமல் சொல்லும் வாய் வேண்டும். திரையைப் பார்த்துப் பிழைக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இருபது வருடம் வெளிநாட்டு மருத்துவமனைகளில் சமூகப் பணியாளராக இருந்துவிட்டு, திருமுருகன்பூண்டிக்குத் திரும்பிக் கடை விரித்தவள் நான். இந்த ஒரு குடும்பத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னால் நாற்காலியில் உட்கார முடிவதில்லை. அவர்கள் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

அப்பாவின் கட்டத்தில் யார்?

தாரணிக்குப் பதினைந்து வயது. அப்பாவோடு மூன்று மாதமாக ஒரு வார்த்தை கிடையாது. ஒரு காதுகுத்து விருந்தில், பந்தி நடுவே, அவளுடைய கணக்கு மார்க்கைச் சொல்லி அவர் சிரித்திருந்தார். அப்பா சுப்பிரமணியத்துக்கு முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி. பேசாத பிள்ளை ஹாஸ்டலிலேயே இருக்கட்டும் என்று ஜூனில் வெளியூர்ப் பள்ளியில் சேர்க்க முடிவுசெய்துவிட்டார். அம்மா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

முதல் நாள் திரையில் ஒரு கட்டத்தில் அம்மாவும் மகளும். அப்பாவின் கட்டத்தில், நோட்டும் பேனாவுமாக ஓர் இளம்பெண்! தீபா, கம்பெனியின் மெர்ச்சண்டைசராம். வெளிநாட்டில் சரக்கு வாங்கும் பையர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் பேசுகிறவர். "குடும்ப விஷயம்மா, அவரே வரணும்" என்றேன். தீபா அசரவில்லை.

"பரவால்லீங்க மேடம், பையர் மீட்டிங்குக்கே சார் வரமாட்டாருங்க. நான் கேட்டு, பேசினதை மினிட்ஸா எழுதி அனுப்பிடறனுங்க."

காருக்குள் ஒரு கிளினிக்

அடுத்த வாரம் அவரே வந்தார். ஆபீசில் ஆள் நடமாட்டம் என்பதால் கம்பெனி வாசலில் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு. என் பக்கத்துச் சிற்பக்கூடத்தின் உளிச்சத்தம் கேட்டு, "ஊட்டுல டைல்ஸ் வேலைங்களா?" என்று விசாரித்தார். அருமையான மனிதர். மகள் இந்த முறை தனிக் கட்டத்தில், கேமராவை அணைத்து வைத்திருந்தாள். சாட்டில் மட்டும் ஒரு வரி வந்தது: "ஹாஸ்டலுக்கே போயிடறேன். அங்க யாரும் என் மார்க்கைச் சொல்லிச் சிரிக்க மாட்டாங்க."

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏனுங்க மேடம், இது சரியாவறதுக்கு டெலிவரி டேட் எப்பங்க?"

கண்ணாடியைத் தட்டிய தீபா

மூன்றாவது முறை அவரிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன். பாதியில் காரின் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். தீபா! கையில் ஒரு டி-ஷர்ட், ஒரு தாள். பையருக்கு அனுப்பிய சாம்பிள், குறைகளை எழுதும் கமெண்ட் ஷீட்டோடு திரும்பி வந்திருக்கிறது. காலர் அரை சென்டிமீட்டர் அதிகம், கழுத்துப் பட்டியின் ரிப் துணி தொளதொள, நிறம் ஒரு சாயல் கம்மி. மொத்தம் பதினோரு குறை. "ரிஜெக்டா கண்ணு?" என்றார் சுப்பிரமணியம். "இல்லீங்க சார், அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ். திருத்திக்கிட்டுத் தைக்கலாமுங்க." மனிதர் முகத்தில் தீபாவளி!

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் இப்படி ஒரு கதவு எனக்குத் தானாகத் திறந்ததில்லை. "பதினோரு குறை சொல்லியிருக்காங்க. உங்களுக்குக் கோபமே வரலையா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டேதான் பதில் சொல்ல ஆரம்பித்தார். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

"கமெண்ட் வருதுன்னா நம்ம சரக்கு அவங்களுக்கு வேணும்னு அர்த்தமுங்க. வேண்டாம்னா... பதிலே வராதுங்க மேடம்."

பதினோரு குறைக்கு நாலு

அன்றைக்கே வெற்றுக் கமெண்ட் ஷீட் ஒன்றை, தன் குறைகளை எழுதச் சொல்லி, அவர் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். யோசனை என்னுடையது, அனுப்பும் தைரியம் அவருடையது. நான்கு நாள் பதில் இல்லை. அவர் தினமும் எனக்கு, "உங்களுக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டு எழுதினார். ஐந்தாம் நாள் நிரப்பிய ஷீட் எங்கள் எல்லோருக்கும் வந்தது. அன்று மாலையே திரையில் கூடினோம். அவர் வழக்கம்போல் காருக்குள், மூக்குக்கண்ணாடியோடு, சத்தமாகப் படித்தார்.

"சாம்பிள் பேரு: அப்பா. ஒண்ணு, சத்தம் அளவுக்கு மேல இருக்கு, குறைக்கவும். ரெண்டு, சாப்பிடும்போது போன், நீக்கவும். மூணு, ஞாயித்துக்கிழமை நுங்கு வாங்கித் தரக் கூட்டிப் போனது சரியா இருந்துச்சு, நிறுத்தினதுதான் தப்பு. நாலு, காதுகுத்துல சொன்னது..." குரல் அங்கே நின்றது. அந்த இடத்தில் தாரணி எழுதியிருந்தது ஒரே சொல்: ரிஜெக்ட்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணு, நாலாவது என்னோட தப்புதான். பந்தியில சொன்னதை, அதே சொந்தக்காரங்க முன்னாடி தப்புன்னு சொல்றேன். ஹாஸ்டல் நீ கேட்டா மட்டும்தான்." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். இருண்டிருந்த கட்டத்தில் கேமரா பளிச்சென்று எரிந்தது. அழுத மூக்கோடு தாரணி. மியூட்டையும் எடுத்தாள். நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை!

"அப்பா, அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ். மொதல்ல காரை விட்டு எறங்கி ஊட்டுக்கு வாங்க."

இரண்டு மொழியில் படித்து, இருபது வருடம் கடல் கடந்து தேடிய, 'கோபமே வரலையா?' என்ற அந்த ஒரு கேள்வி எனக்குக் கிடைத்தது, முதலிபாளையத்தில் எவரோ ஒரு காலரை அரை சென்டிமீட்டர் கூட்டித் தைத்துவிட்டதால்தான்.